மரச்சாமானுக்கு ஏற்ற தூரிகை



தீபாவளி நெருங்கினாலும், பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கினாலும், நம் வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். பழைய மேசையைத் துடைத்து வெளியே எடுத்து வைப்பார்கள். கால் ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பார்கள். பிறகு பட்டணத்துக்குப் போய் ஒரு டின் சாயம் வாங்கி வருவார்கள். எந்தச் சாயம், எந்த நிறம் என்று குடும்பமே கூடிப் பேசும். தூரிகையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கடைக்காரரிடம் "ஒரு பிரஷும் போடுங்கள்" என்பதோடு அது முடிந்துவிடும். அவரும் கைக்கு எட்டியதை எடுத்துப் பையில் போட்டுவிடுவார்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான் இது. ஆகவே, மேசை, நாற்காலி, அலமாரி போன்ற மரச்சாமான்களுக்குச் சாயம் பூச நல்ல தூரிகையை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நாமே பட்ட பாடு ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஒரு முறை நூலக அலமாரிகளுக்குச் சாயம் பூசுவது என்று முடிவாயிற்று. பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். நல்ல எண்ணெய்ச் சாயமாகப் பார்த்து வாங்கினோம். சாயத்துக்கே பெரும்பணம் போய்விட்டதால், தூரிகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று மிகவும் மலிவானதாக ஒரு டஜன் வாங்கி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து முழு மூச்சாகப் பூசினார்கள். மறுநாள் வந்து பார்த்தால் அலமாரி முழுவதும் மயிர்! பூசும்போதே தூரிகையிலிருந்து உதிர்ந்து, ஈரச் சாயத்தில் ஒட்டி, அப்படியே காய்ந்துபோயிருந்தது. போதாததற்கு, ஏர் உழுத நிலம் போல வரி வரியாகத் தடம் வேறு.

தச்சு வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அலமாரியைக் கையால் தடவிப் பார்த்தார். "ஐயா, மரத்திலே குறை இல்லை, சாயத்திலே குறை இல்லை. நீங்க வாங்கின பிரஷிலேதான் குறை" என்றார். மீண்டும் மணல் தாள் போட்டுத் தேய்த்து, மீண்டும் சாயம் வாங்கிப் பூச வேண்டியதாயிற்று. தூரிகையில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு செலவானது. பெற்றோர்களின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. வாரம் முழுவதும் உழைப்பவர்களுக்கு அந்த ஓய்வு நாள் எவ்வளவு பெரியது என்பதை நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. வெட்டுக் கத்தி மழுங்கியிருந்தால் என்ன ஆகும்? பட்டை சீராக வராது, மரத்தில் காயம் படும், பாலும் ஒழுங்காக ஓடாது. அதனால்தான் நல்ல வெட்டுக்காரர் தம் கத்தியை இன்னொருவருக்கு இரவல் தரமாட்டார். சாயம் பூசுகிறவருக்குத் தூரிகையும் அப்படித்தான்.

இனி, தூரிகையின் உறுப்புகளைப் பார்ப்போம். அவை மூன்று. கையில் பிடிப்பது கைப்பிடி. சாயத்தை ஏந்துவது மயிர் அல்லது இழை. இவை இரண்டையும் இறுக்கிப் பிணைப்பது தகட்டாலான பூண். உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, அதே போன்றதுதான் இதுவும். பூணுக்குள்ளே மயிர்களின் அடிப்பகுதி பசையில் பதிந்திருக்கும். நடுவில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு ஆப்பு ஒன்றும் இருக்கும். இந்த ஆப்பினால் மயிர்களுக்கு நடுவே சிறிது இடைவெளி உண்டாகிறது. தூரிகை கொஞ்சம் சாயத்தைத் தேக்கி வைத்துக்கொள்வதற்கே அந்த இடைவெளி. ஆனால் மலிவான தூரிகைகளில் இந்த ஆப்பைப் பெரிதாக வைத்து, சுற்றிலும் கொஞ்சமே மயிரை வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தடிமனாகத் தெரியும், விரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் பள்ளம்தான் இருக்கும்.

தூரிகை சாயத்தை எப்படி ஏந்துகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். நெருங்கி நிற்கும் நூல்களின் நடுவே எண்ணெய் தானாக ஏறுகிறது. தூரிகையிலும் நெருங்கி நிற்கும் மயிர்களின் நடுவே சாயம் அவ்வாறே தங்குகிறது. மயிர் அடர்த்தியாக இருந்தால் சாயம் நிறையத் தங்கும், சொட்டாது. மரத்தில் வைத்து இழுக்கும்போது ஒரே சீராக இறங்கும். மயிர் குறைவாக இருந்தால் பாதிச் சாயம் வழியிலேயே சொட்டிவிடும், மீதி திட்டுத் திட்டாக விழும்.

மயிரின் நுனிக்கும் பெரிய பங்கு உண்டு. நல்ல மயிர் அடியில் தடித்து, நுனியில் மெலிந்திருக்கும். அந்த நுனியும் ஒரே முனையாக இல்லாமல், இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். பிளந்த நுனிகள் சாயத்தை மெல்லியதாகப் பரப்புவதால் வரித்தடம் விழுவதில்லை. நுனி மொட்டையாக இருந்தால் ஒவ்வொரு மயிரும் சீப்பின் பல்லைப்போல ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டு போகும். எங்கள் அலமாரியில் விழுந்த வரிகளுக்குக் காரணம் இதுவே.

அடுத்து, மயிரின் வகை. கடையில் கிடைப்பவற்றைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று விலங்கின் மயிர், மற்றொன்று நைலான், பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழை.

விலங்கு மயிரில் சாயத் தூரிகைக்குப் பெரும்பாலும் பயன்படுவது பன்றி மயிர். அதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அதன் நுனி இயற்கையாகவே பிளந்திருக்கும், வளைத்தால் நிமிரும். எண்ணெய்ச் சாயம், வார்னிஷ், சிலாக் ஆகியவற்றுக்கு நெடுங்காலமாக அதைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் நீரில் கரையும் சாயத்துக்கு அது உதவாது. நம் தலைமுடி நனைந்தால் துவண்டுவிடுவதுபோல, அதுவும் நீரை உறிஞ்சித் துவண்டுவிடும். பிறகு அதை வைத்துப் பூச முடியாது.

செயற்கை இழை பிற்காலத்தில் வந்தது. நைலான் இழை 1938ஆம் ஆண்டில் முதலில் பல் துலக்கும் பிரஷாகத்தான் விற்பனைக்கு வந்தது. பிறகு சாயத் தூரிகைக்கும் வந்தது. நைலான் இழை எளிதில் தேயாது. பாலியெஸ்டர் இழை நீரிலும் வெயிலிலும் விறைப்புக் குறையாமல் நிற்கும். இரண்டையும் கலந்து செய்த தூரிகைகளும் கிடைக்கின்றன. நீர்ச்சாயத்துக்கு இவையே ஏற்றவை. இன்று வரும் நல்ல செயற்கை இழைத் தூரிகைகளில், எண்ணெய்ச் சாயத்துக்கும் ஏற்றவை பல உண்டு. அட்டையில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். ஆகவே, எந்தச் சாயம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்றாற்போலத் தூரிகையைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

இந்த இடத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பல இனத்தவரும் அண்டை அயலாக வாழ்கிறோம். மலாய்க்காரர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாம் போய் மேசை நாற்காலி தூக்குகிறோம், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரிக்கு ஒரு கை சாயம் பூசிக் கொடுக்கப் போகிறவர், பன்றி மயிர்த் தூரிகையைக் கொண்டு போகலாமா? தெரியாமல் செய்தாலும் அவர்கள் மனம் புண்படுமல்லவா? நம் வீட்டிலேயே சாமி மேடைக்கும் சாமி அலமாரிக்கும் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறவர்கள் உண்டு.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. பன்றியின் அல்லது நாயின் எந்தப் பகுதியைக் கொண்டு செய்த பொருளானாலும், அதைத் தெளிவாகக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்று மலேசியாவில் 2013ஆம் ஆண்டில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவ்வாறு குறிப்பிடாமல் விற்கப்பட்டவை என்ற ஐயத்தின் பேரில், 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமலாக்க அதிகாரிகள் கடைகளைச் சோதனையிட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாயத் தூரிகைகளைக் கைப்பற்றினார்கள். எனவே, தூரிகை வாங்கும்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மலாய் மொழியில் 'பூலு பாபி' என்றிருந்தால் அது பன்றி மயிர். பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். எழுத்து எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பிள்ளையும் கண்ணால் பார்க்கும்.

இனி அளவு. சுவருக்குப் பூசும் அகலத் தூரிகையை நாற்காலிக் காலுக்குப் பயன்படுத்தினால், காலுக்குப் பாதியும் தரைக்குப் பாதியுமாகப் போகும். நாற்காலிக் கால், சட்டம், குறுக்குக் கட்டை இவற்றுக்கு 1 அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் போதும். இழுப்பறை முகப்புக்கும் அலமாரிச் சட்டத்துக்கும் 1½ அங்குலம். மேசைப் பலகைக்கும் அலமாரிக் கதவுக்கும் 2 அங்குலம். மூலை முடுக்கும் செதுக்கு வேலையும் உள்ள சாமானுக்கு, நுனி சாய்வாக வெட்டப்பட்ட தூரிகை வசதியாக இருக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1½ அங்குலத்தை வாங்குங்கள். வீட்டிலுள்ள பெரும்பாலான சாமான்களை அதைக் கொண்டே சமாளித்துவிடலாம்.

கடையில் தூரிகையைக் கையில் எடுத்துச் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சிலவற்றைச் சொல்கிறோம். இவற்றுக்குக் காசு செலவில்லை, கூச்சப்படவும் வேண்டாம்.

முதலாவது, மயிரை விரலால் விசிறிபோல விரித்துப் பாருங்கள். உள்ளே அடர்த்தியாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று தெரியும். இரண்டாவது, நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிகள் பிளந்து மெத்தென்று இருக்க வேண்டும். கத்தரியால் வெட்டியதுபோல மொட்டையாக இருந்தால் வேண்டாம். மூன்றாவது, நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்தி விடுங்கள். மயிர் வளைந்து உடனே நிமிர வேண்டும். வளைந்தபடியே கிடந்தாலும் சரி, துடைப்பக்குச்சிபோல வளையவே மறுத்தாலும் சரி, அது ஆகாது. நான்காவது, மயிரைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். புதுத் தூரிகையில் ஒன்றிரண்டு வருவது இயல்பு. கொத்தாக வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். ஐந்தாவது, கைப்பிடியை ஒரு கையிலும் பூணை மறு கையிலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. பூண் துருப்பிடிக்காத உலோகமாக இருந்தால் நல்லது. துரு, சாயத்தில் கறையாக இறங்கிவிடும்.

மயிரின் நீளத்தையும் கவனியுங்கள். 2 அங்குலத் தூரிகையில், பூணுக்கு வெளியே மயிர் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டை மயிர் சாயத்தை ஏந்தாது, வளைந்தும் கொடுக்காது. கடைசியாக, பிடித்துப் பார்க்கும்போது கைக்கு இதமாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் பிடித்திருக்க வேண்டிய பொருள் அது.

விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நாம் சொல்லவில்லை. நடுத்தர விலையிலேயே இந்தச் சோதனைகளில் தேறும் தூரிகைகள் கிடைக்கின்றன. மலிவுத் தூரிகைக்கும் வேலை உண்டு. பசை தடவலாம், இடுக்கிலுள்ள தூசி தட்டலாம், வேலிக் கம்பிக்குத் துருத் தடுப்புச் சாயம் பூசலாம். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு அது வேண்டாம்.

தூரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உள்ளங்கையில் பலமுறை தட்டி, தளர்ந்த மயிரை உதிர்த்துவிடுங்கள். சாமானை மணல் தாளால் மரத்தின் வரியோட்டத்திலேயே தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மிகப் பழைய சாமானானால் எச்சரிக்கை தேவை. முற்காலத்துச் சாயங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மணல் தாளைக் கொண்டு நனைத்துத் தேய்த்து, தூசியைத் துணியால் ஒற்றி எடுத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டில், பால்குடிப் பிள்ளையின் கட்டில் போன்றவற்றுக்கு, ஈயம் கலக்காதது என்று குறிப்பிட்ட சாயத்தை மட்டும் வாங்குங்கள்.

பூசும்போது தூரிகையை மூன்றில் ஒரு பங்கு மட்டும் சாயத்தில் தோய்த்தால் போதும். பூண்வரை முக்கினால், உள்ளே போன சாயம் காய்ந்து மயிரை விறைக்கச் செய்துவிடும். தோய்த்த பிறகு டின்னின் உட்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், விளிம்பில் வழித்து எடுக்காதீர்கள். முதலில் சாயத்தைப் பரப்பிவிட்டு, பிறகு நுனி மட்டும் படும்படி ஒரே திசையில் மெல்ல இழுத்து முடியுங்கள். காயத் தொடங்கிய இடத்தை மறுபடியும் தொடாதீர்கள், வரி விழுவது அதனால்தான். மேசையானால் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையும் கால்களையும் முதலில் பூசுங்கள், மேற்பலகையைக் கடைசியில் பூசுங்கள். மழை நாளிலும், பனி இறங்கும் மாலையிலும் வெளியில் பூச வேண்டாம். ஈரம் பட்டால் பளபளப்புப் போய்விடும்.

வேலை முடிந்ததும்தான் தூரிகையின் ஆயுள் நிர்ணயமாகிறது. களைப்பில் தூரிகையை டின்னிலேயே விட்டுவிட்டுப் போனால், மறுநாள் அது கட்டைதான். நீர்ச்சாயம் பூசிய தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்ச் சாயமானால், முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்து, டர்பன்டைனில் இரண்டு மூன்று முறை அலசி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய சீப்பினால் வாரி, மயிரை நேராக்கி, தாளில் சுற்றித் தொங்கவிடுங்கள். மயிர் கீழே ஊன்றும்படி குவளையில் நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். மறுநாளும் அதே சாயத்தைப் பூசப் போகிறீர்கள் என்றால், காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி வைத்தால் போதும். எண்ணெய்ச் சாயத்துக்கு ஒன்று, நீர்ச்சாயத்துக்கு ஒன்று என்று பிரித்து, கைப்பிடியில் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூன்று தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். தூரிகை கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி, தொலைவிலுள்ள அடுப்பு நெருப்பையும் பற்றிக்கொள்ளும். எண்ணெய்ச் சாயமோ ஆளிவிதை எண்ணெயோ துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள். அவை தானாகவே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். டர்பன்டைனையும் மண்ணெண்ணெயையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கழுவிய டர்பன்டைனைக் கால்வாயிலும் கொட்ட வேண்டாம். மூடியுள்ள டின்னில், பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தால், கசடு அடியில் தங்கித் தெளிந்துவிடும். தெளிந்ததை மறுமுறையும் பயன்படுத்தலாம்.

நேயர்களே, இன்று கடைகளில் விற்கும் மேசை நாற்காலிகள் பலவும் ரப்பர் மரத்தில் செய்தவை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். பிறகு பூச்சியும் பூஞ்சணமும் அண்டாதபடி பதப்படுத்தும் முறை பரவியதால், அந்த மரம் மூவார் போன்ற ஊர்களின் தொழிற்கூடங்களில் மேசையாகவும் கட்டிலாகவும் மாறி வெளிநாடுகளுக்கும் போகிறது. நம் பாட்டனும் பாட்டியும் இருட்டோடு எழுந்து போய்ப் பால் வெட்டிய மரத்தின் இனம், இன்று நம் பிள்ளை புத்தகம் வைத்துப் படிக்கும் மேசையாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்கள் வீட்டிலும் இருக்கிறது, தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

அந்த மேசைக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும்படி சாயம் பூச, சாயத்தின் பெயரை அறிந்து, அதற்கேற்ற மயிரைக் கேட்டு, விரித்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து ஒரு தூரிகை வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழுவித் தொங்கவிடுங்கள். எங்கள் பள்ளியில் அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வாங்கிய தூரிகைகளை இன்னும் வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களே அவற்றைக் கழுவி வாரி வைக்கிறார்கள்.